மசாஜ் மருத்துவமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மசாஜ் மருத்துவமா, சொகுசா?' என்பது தலைப்பு. சொகுசுதான் என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்த எதிரணித் தலைவர், அப்போதிருந்து தன் கழுத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"இதமாக இருக்கிறது, அதனால் வலி போனதாக மனம் நம்பிக்கொள்கிறது" என்றார். சரி, நம்பவே தெரியாத ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்: குறைமாதத்தில் பிறந்த குழந்தை. 1986இல் வெளியான ஆய்வு அது. டிஃபானி ஃபீல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், அப்படிப்பட்ட குழந்தைகளின் உடலை மெல்ல நீவி, கைகால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். வேளைக்கு 15 நிமிடம், தினமும் 3 வேளை, 10 நாள். அந்தக் குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக எடை கூடின. 6 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போயின. சாட்சிக்குப் பேச்சு வரவில்லை ஐயா, தராசு பேசியது!

பெரியவர்களுக்கு வருவோம். 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அப்புறம் ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ். இரண்டு தொடையிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைவு. ஆள் ஒருவர், மனமும் ஒன்று. வெறும் நம்பிக்கை என்றால் அது ஒரு காலோடு நின்றுவிடுமா?

களைத்த தசையில் சேரும் லாக்டிக் அமிலம் மட்டும் அந்த ஆய்வில் குறையவே இல்லை. அதனால், அதையே நச்சு என்று சொல்லி 'நச்சை இறக்குவோம்' என்று விளம்பரம் செய்கிறவர்களை எங்கள் அணியில் சேர்த்துவிடாதீர்கள். அவர்களோடு எனக்கும் சண்டைதான்.

புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கலாம் என்ற பட்டியலில், 2017இல் 'அமெரிக்க மருத்துவர் கல்லூரி' என்ற மருத்துவர் அமைப்பு மசாஜையும் சேர்த்தது. "பலன் நிலைக்காதே" என்றார் எதிரணித் தலைவர். ஆமாம், விட்டுவிட்டால் தேயும். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் என்ன, இறங்கியே இருக்குமா?

கடைசியாக, "காலில் இரத்தக்கட்டி இருந்தால் மசாஜ் ஆபத்து" என்று பயமுறுத்தினார். முழு உண்மை. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். ஆனால் நடுவர் அவர்களே, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துத் தரவேண்டியது மருந்தைத்தானே? அவருடைய அந்த வாதத்தை எங்கள் கணக்கில் வரவு வையுங்கள். நன்றி.