தண்ணீருக்குள் ஒரு மண்கட்டி

வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்த இரண்டு கண்ணாடிக் குவளையையும் கொஞ்சம் கேமரா பக்கம் நகர்த்திக்கொள்கிறேன், ஏனென்றால் இயற்கை விவசாயம், அதாவது ஆர்கானிக், ஏன் வேண்டும் என்று இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள்தான் நடக்கப்போகிறது. இரண்டிலும் வெறும் தண்ணீர். மேலே ஒரு வலைத்துண்டைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருக்கிறேன். கையில் இருப்பது இரண்டு மண்கட்டிகள், கோழிமுட்டை அளவு, ஒரு வாரம் நிழலில் காயவைத்தவை. இடது கையில் இருப்பது வருடக்கணக்காக ரசாயன உரம் மட்டுமே பார்த்து, அடிக்கடி உழப்பட்டு, ஒரே பயிரையே திரும்பத் திரும்பத் தாங்கிய நிலத்துக் கட்டி. வலது கையில் இருப்பது அதே வரப்புக்கு அந்தப் பக்கம். ஒரே மண், ஒரே மழை. அங்கே மட்கு போடுகிறார்கள், பயிரை மாற்றுகிறார்கள், நிலத்தைச் சும்மா வெயிலில் காயப்போடுவதில்லை.

சரி, போடுகிறேன். இடது... பாருங்கள், போட்ட உடனே நுரை மாதிரி காற்றுக்குமிழ், ஓரம் உதிர்கிறது, வலைக்கு அடியில் புகை இறங்குகிற மாதிரி மண் இறங்குகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாதிக் கட்டி காணோம். இப்போது வலது. இரண்டு மூன்று குமிழ், அவ்வளவுதான். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், கடைசியில் வந்து பார்க்கலாம்.

காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் வேகமாக நுழையும்போது உள்ளே இருக்கிற காற்று மாட்டிக்கொண்டு வெளியே முட்டும். பிடிப்பு இல்லாத மண் அந்த முட்டலுக்கே உடைந்துவிடும். பிடிப்பைக் கொடுப்பது வேரும், பூஞ்சை இழையும், நுண்ணுயிர்கள் கசியவிடுகிற பசையும். அந்த உயிர்களுக்குச் சாப்பாடு மட்கும் கழிவும் வேரிலிருந்து கசிகிற சர்க்கரையும். சாப்பாட்டை நிறுத்தினால் பசையும் நிற்கும், அப்புறம் மழை பெய்தால் இந்த இடது குவளையில் நடந்ததுதான் நிலத்திலும் நடக்கும். உடைந்த துகள் மேல்பரப்பில் படிந்து ஓடு மாதிரி இறுகும், தண்ணீர் கீழே இறங்காது, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடும்.

"ஆர்கானிக் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதா, அதைச் சொல்லுங்கள், மண்ணை வைத்து ஏன் விளையாடுகிறீர்கள்" என்று கேட்பீர்கள், தெரியும். என் வாதமே அதுதான். நாம் இதை உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே விற்றுவிட்டோம், அதனால் எதிராளிக்கு ரொம்ப சுலபமாகப் போய்விட்டது. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, பூச்சிக்கொல்லி எச்சம்தான் இயற்கை விளைச்சலில் குறைவு என்றார்கள். உடனே, "பார்த்தீர்களா, எல்லாம் ஏமாற்று" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தட்டில் வித்தியாசம் தேடினால் சின்னதாகத்தான் தெரியும். நிலத்தில் தேடினால் இந்தக் குவளை மாதிரி தெரியும்.

தொழிற்சாலை பாணி ரசாயன விவசாயத்தின் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: மண் என்பது செடியை நிற்கவைக்கிற ஸ்டாண்டு, சாப்பாட்டை நாம் மூட்டையில் கொண்டுவந்து கொட்டிக்கொள்ளலாம். இந்த எண்ணத்துக்குக் கால் முளைத்தது 1909இல், ஃப்ரிட்ஸ் ஹேபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கிக் காட்டியபோது. கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார், 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இன்றைக்கு உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பிடுவது அந்த வேதியியலின் தயவில் என்று கணக்குப் போடுகிறார்கள். இதை நான் மறைக்கவில்லை, மறைத்துவிட்டு இந்தப் பக்கம் நின்று பேசினால் அது நேர்மையும் இல்லை.

ஆனால் போட்ட தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பாதி அளவுதான் பயிருக்குள் போகிறது. மீதி? கொஞ்சம் நைட்ரேட்டாகக் கரைந்து நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் போகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு வயல்வெளிகளிலிருந்து சுமந்து வருகிற சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் பாசி பெருகி, அது செத்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் கடலில் மீன் நிற்க முடியாமல் போகிறது. இன்னும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது, அது வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைப் போல 270 மடங்கு. பயறு வகைச் செடியின் வேர் முடிச்சில் உட்கார்ந்துகொண்டு ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிற இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது, நானூறு ஐந்நூறு டிகிரி சூடும் வேண்டாம், இயற்கை எரிவாயுவும் வேண்டாம். ஆனால் அதற்கு நீங்கள் பயிரை மாற்றிப் போடவேண்டும். அங்கேதான் இடிக்கிறது, ஏனென்றால் அந்தப் பெரிய இயந்திரங்களும் கடனும் ஒப்பந்தமும் ஒரே பயிருக்கென்றே அமைந்தவை.

ஒரே பயிர் என்றால் என்ன ஆகும் என்பதற்கு 1970 போதும். அப்போது அமெரிக்காவில் போட்ட மக்காச்சோளத்தில் 85 சதவீதம் அளவுக்கு ஒரே மரபுக்கூறைச் சுமந்த விதை. இலைக்கருகல் பூஞ்சை ஒன்று அதையே குறிவைத்து வந்தது, ஒரே பருவத்தில் நாட்டு விளைச்சலில் 15 சதவீதம் போச்சு.

களைக்கொல்லிக் கதை இன்னும் வேடிக்கை. 1996இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்குகிற சோயா வந்தது, தெளித்தால் களை மட்டும் சாகும், பயிர் நிற்கும், இனி கவலையே இல்லை என்றார்கள். பத்து வருடம்கூட ஆகவில்லை, 2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அந்த மருந்துக்கு அசையாத பால்மர் கீரைக்களை உறுதியானது. ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை போடும், ஒரு நாளைக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். அதற்குப் பதில் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? டைகாம்பா என்ற பழைய மருந்தைத் தாங்குகிற பயிரை இறக்கினார்கள், அது ஆவியாகிப் பக்கத்து நிலத்துக்குப் பறந்துபோய் அங்கிருந்த பயிரைச் சுருட்டியது. அண்டை நிலத்துக்காரர்களுக்குள் வழக்கு. டிடிடி பூச்சிக்கொல்லி காலத்திலிருந்து இதே கதைதான்: மருந்து, தாங்கும் பூச்சி, அதைவிடக் கடுமையான மருந்து.

சரி, இப்போது என் பக்கத்து அழுக்கு. பழைய வீடியோ ஒன்றில் "இயற்கை விவசாயத்தில் எதையுமே தெளிக்கமாட்டார்கள்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். தப்பு. பார்த்தவர் ஒருவர் கமெண்டில் போர்டோ கலவையை எடுத்து நீட்டினார், எனக்கு முகம் சிவந்துவிட்டது. மயில்துத்தம் என்கிற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி அது, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு, சான்றிதழ் பெற்ற பண்ணைகளிலும் அனுமதி உண்டு. செம்பு மக்காது, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. இன்னொன்று, களைக்கொல்லி இல்லை என்பதற்காக ஓயாமல் உழுகிற ஆர்கானிக் பண்ணையின் கட்டியை எடுத்து இந்தக் குவளையில் போடுங்கள், அதுவும் கரையும். லேபிள் பசை ஆகாது.

விளைச்சலும் குறையும், ஐந்தில் ஒரு பங்கு அளவு என்பது பல ஆய்வுகளைச் சேர்த்த கணக்கு. பயிர் சுழற்சியும் ஊடுபயிரும் ஒழுங்காக இருந்தால் இந்த இடைவெளி சுருங்குகிறது. "அப்போது உலகத்துக்கு யார் சோறு போடுவது?" என்று கேட்பவர்கள், உலகத் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகப் போவதைப் பற்றியும் ஒரு தடவை வாய் திறந்தால் நன்றாக இருக்கும்.

இலங்கையை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. 2021 ஏப்ரல் கடைசியில் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை, நவம்பரில் தடை வாபஸ், நடுவில் விவசாயிகள் தெருவில். என் பக்கத்து ஆட்கள் சிலர் அது தோற்றதைச் சதி என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சான்றிதழ் விதிகளே ஒரு நிலம் மாறுவதற்கு இரண்டு மூன்று வருடம் கேட்கின்றன, மண் அதைவிட அதிகமாகவே கேட்கும். பட்டினி கிடந்த மண்ணிடம், நாளையிலிருந்து நீயே சமைத்துக்கொள் என்றால் அது என்ன செய்யும்? விவசாயியின் தலையில் அந்த வருடங்களின் நஷ்டத்தைக் கட்டிவிட்டு நாம் வசனம் பேசக்கூடாது. மாறுகிற காலத்துக்குப் பணம் யார் கொடுப்பது என்பதுதான் உண்மையான சண்டை, அதை நம் கூட்டமும் சரியாகப் போடவில்லை.

குவளைக்கு வருவோம். இடதில் வலை காலி, கீழே சேறு. வலது... எடுத்துக் காட்டுகிறேன், கை நனைகிறது, பரவாயில்லை. முழுசாக வந்துவிட்டது. பிட்டுப் பார்த்தால், இதோ, நூல் மாதிரி வெள்ளை வேர், நடுவில் புழு போன துளை. ஃபோகஸ் ஆகிறதா? ம், ஆகிவிட்டது.

நீங்களும் செய்து பாருங்கள், ஆர்கானிக் பிடிக்காதவர்கள் கட்டாயம் செய்யுங்கள். கட்டியை மேல்மண்ணிலிருந்து எடுங்கள், அப்புறம் நன்றாகக் காயவையுங்கள். ஈரமாகப் போட்டால் எந்த மண்ணும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.