குடிலின் வளைவும் இரயிலின் சாய்வும்

(குன்னூரில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். உதகைத் தாவரவியல் பூங்காவுக்கு மேலேயுள்ள மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், தோடர் குடிலின் முகப்பைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த அந்தக் கூரையை, பென்சில் இல்லாமல், சார்புகளின், அதாவது ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய் தரும் விதிகளின், வரைபடங்களைக் கொண்டே இன்று வரைய முயல்வோம்.

எக்ஸின் வர்க்கத்தை 3-ஆல் வகுத்து, வந்ததை 3-இலிருந்து கழித்து, அதை ஒய் என்று கொள்ளுங்கள். உச்சி 3 அலகு உயரத்தில் அமைந்து, இருபுறமும் சரிந்து, எக்ஸ் 3 ஆகவும் −3 ஆகவும் உள்ள இடங்களில் தரையைத் தொடும் பரவளையம் கிடைக்கும். குடிலின் வளைவுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அது அங்கே நிற்காது, தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருக்கும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு நாம் மறந்துவிடும் ‘மதிப்பகம்’ (எக்ஸ் ஏற்கக்கூடிய மதிப்புகளின் தொகுப்பு) என்ற சொல்தான் இங்கே கத்தரிக்கோல். எக்ஸ் −3 முதல் 3 வரை என்று வரம்பிட்ட பிறகே குடில் தரையில் அமரும்.

தவழ்ந்து நுழையுமளவு சிறிய வாசலுக்கு வருவோம். மேல்விட்டம் எளிது, ஒய் ஒரு மாறிலி, அவ்வளவுதான். நிலைக்கால்களோ குத்துக்கோடுகள், ஒரே எக்ஸுக்கு எண்ணற்ற ஒய் மதிப்புகள் இருப்பதால் குத்துக்கோட்டுச் சோதனையில் அவை தோற்றுவிடும். அங்கே எக்ஸை ஒய்யின் சார்பாகக் கொண்டு, ஒய்க்கு வரம்பிட வேண்டும். மேலே சூரியன் வேண்டுமென்றாலும் இதே தொல்லைதான்: முழுவட்டம் சார்பாகாது, இரண்டு அரைவட்டங்களை ஒட்டவேண்டும்.

பின்னணி மலைகளுக்குச் சில சைன் அலைகளைக் கூட்டினால் போதும். மலை இரயிலின் பாதையைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை வரையச் சொன்னால் மாணவர் பலரும் ஒய் சமம் எக்ஸ் என்று 45 பாகையில் ஏற்றிவிடுகிறார்கள். நம் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1, அதாவது சாய்வு சுமார் 0.08, கிடைமட்டத்திலிருந்து 5 பாகைகூட இல்லாத, படுத்துக்கிடப்பது போன்ற ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஏறுவதற்குத்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டமும் எஞ்சினில் பற்சக்கரமும் தேவைப்படுகின்றன. வண்டியில் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தவரின் கை 45 பாகை வரைவதில் வியப்பில்லை; சார்போ சாய்வின் எண்ணைக் கேட்காமல் ஒரு புள்ளியும் வைக்காது.

ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் இந்தக் கோட்டை இடும்போது, இரு அச்சுகளின் அளவுத்திட்டமும் ஒன்றாக உள்ளதா என்று முதலில் பாருங்கள். ஒய் அச்சை மட்டும் இழுத்துவிட்டால், 0.08-உம் தொட்டபெட்டாவைப் போல எழுந்து நின்றுவிடும்.