உறங்கும் மூளையின் மின்சாரம்

டெல்லித் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவு நேர டெக்னீஷியனாக வேலை பார்க்கிறவன் நான். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது, ராத்திரியில் கை கால் உதறுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வருகிறவர்களுக்குத் தலையிலும் முகத்திலும் ஒயர் ஒட்டி, விடியும்வரை அவர்கள் தூக்கத்தைப் பதிவு செய்வது என் வேலை. கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று எல்லாப் பக்கமிருந்தும் நம் ஆட்கள் வருகிறார்கள். தமிழில் பேச ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்ததும் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, கரண்ட் கிரண்ட் அடிக்காதே?"

அடிக்காது. அந்த ஒயர் எதுவும் உங்கள் தலைக்குள் மின்சாரம் செலுத்துவதற்காக ஒட்டப்படுவது இல்லை. உங்கள் மூளை தானாகவே உண்டாக்கும் மின்னழுத்தத்தை எடுத்துப் பதிவு செய்வதற்குத்தான். ஒயர் நுனியில் இருக்கும் எலக்ட்ரோடு தோலோடு நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்போது மட்டும் கருவி மிக மிகச் சிறிய மாறுமின்னோட்டம் ஒன்றை ஒரு கணம் அனுப்பும். அது உடம்புக்குத் தெரியவே தெரியாது. சுவரில் இருக்கும் பிளக்குக்கும் உங்கள் தலைக்கும் நடுவே நேரடி மின் தொடர்பு இல்லாதபடி கருவிக்குள்ளேயே தடுப்பு வைத்துத்தான் செய்கிறார்கள்.

மூளைக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மூளையின் மேற்பட்டையில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கின்றன. ஒரு நரம்பணுவுக்குப் பக்கத்து அணுவிலிருந்து செய்தி வந்து சேரும்போது அதன் மின்னழுத்தம் சற்றே ஏறும் அல்லது இறங்கும். ஓர் அணுவின் ஏற்ற இறக்கம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் அந்தக் கூட்டுத்தொகை மண்டையோடு, தலைத்தோல் எல்லாவற்றையும் கடந்து நமக்கு எட்டுகிறது. எட்டும்போது அது 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு மைக்ரோவோல்ட் என்றால் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதயத்தின் ஈ.சி.ஜி. ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது 1,000 மைக்ரோவோல்ட். அதோடு பார்த்தால் மூளையின் குரல் எவ்வளவு மெல்லியது என்று தெரியும்.

1924-ல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் இந்த அலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-ல்தான் வெளியிட்டார். அப்போது பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதையே செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. நம் டெல்லிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 1961-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சமாதி என்னும் ஆழ்ந்த தியான நிலையில் இருந்த யோகிகளிடம், கண்ணை மூடி விழித்திருக்கும்போது எழும்பும் ஆல்ஃபா அலை விடாமல் ஓடியது. பலத்த வெளிச்சமும் சத்தமும் அதைக் கலைக்கவில்லை. இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்நீரில் கையை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்ஃபா கலையவில்லை. இந்த ஊரில் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் அந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, 50 மைக்ரோவோல்ட்டை எப்படிப் பிடிப்பது? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குவது. ஐம்பது மைக்ரோவோல்ட்டைப் போல ஏறக்குறைய 46 லட்சம் மடங்கு. அறையில் ஓடும் ஒவ்வொரு ஒயரும் தன் 50 ஹெர்ட்ஸை உங்கள் உடம்பில் கொஞ்சம் ஏற்றத்தான் செய்கிறது. அதற்கு நடுவே மூளை அலை தெரிய வேண்டும். இதற்கு வழி செய்வது டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர். அது ஓர் இடத்தின் மின்னழுத்தத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வது இல்லை. இரண்டு இடங்களை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தைத்தான் பெருக்குகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே லிஃப்டில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் பத்து மாடி ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது. கரண்டின் இரைச்சல் அந்த லிஃப்ட் மாதிரி. தலை உச்சிப் பக்கத்து எலக்ட்ரோடுக்கும் காதுக்குப் பின்னால் உள்ள எலக்ட்ரோடுக்கும் அது ஒரே அளவில் வருவதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. நல்ல ஆம்ப்ளிஃபையர் இப்படிப் பொதுவாக வருவதை, வித்தியாசமாக வருவதோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும்.

ஆனால் தம்பி மட்டும் ஸ்பிரிங் மெத்தை மேல் நின்றால்? லிஃப்ட் குலுங்கும்போதெல்லாம் வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும். ஓர் எலக்ட்ரோடு நன்றாக ஒட்டியும் இன்னொன்று அரைகுறையாகவும் இருந்தால் இதுதான் நடக்கிறது. அந்த ஒட்டுதலின் தரத்தைத்தான் இம்பிடென்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு உள்ள தடை, என்று அளக்கிறோம். 5 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக எல்லா எலக்ட்ரோடுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று 3, இன்னொன்று 30 என்று இருந்தால், எத்தனை லட்சம் ரூபாய் ஆம்ப்ளிஃபையராக இருந்தாலும் கழித்தல் சரியாக வராது. எலக்ட்ரோடுகள் எல்லாம் ஒரே உலோகமாக இருப்பதும் அவசியம். உப்புள்ள பேஸ்ட்டில் இரண்டு வேறு உலோகத்தை வைத்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும்.

இதனால்தான் ஒட்டுவதற்கு நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன். டேப்பால் மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடுவரை அளக்கிறோம். 36 சென்டிமீட்டர் வந்தால் சரிபாதி 18-ல் உச்சி. அங்கிருந்து 10 சதவீதம், 20 சதவீதம் என்ற கணக்கில் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் குறிக்கிறோம். சீப்பின் கூர் முனையால் வகிடு எடுத்து, மயிரை ஒதுக்கி, தோல் தெரிந்ததும் மணல் மாதிரி நறநறவென்று இருக்கும் ஜெல்லைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தேய்க்கிறோம். தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது, அது மின்சாரத்தை லேசில் விடாது. அதை உரித்துவிடாமல், சிவக்கும் அளவுக்கும் போகாமல், விரலுக்குத் தெரிகிற அளவில் தேய்த்து நிறுத்த வேண்டும். பிறகு கிண்ணம் போன்ற எலக்ட்ரோடில் பேஸ்ட் நிரப்பி அழுத்தி, மேலே சதுரமாக வெட்டிய துணியை வைத்து மூடுகிறோம். "என்னப்பா, ரொம்ப நேரம் ஆகிறதே" என்று மாமிகள் சலித்துக்கொள்வார்கள். அந்த இரவின் தரம் முழுக்க அந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான்.

ஒட்டுதல் சரியில்லை என்றால் ஃபில்டர் போட்டு, அதாவது குறிப்பிட்ட வேகத்துக்கு வெளியே உள்ள அலைகளை வடிகட்டி, சரி செய்யலாமே என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நினைப்பார்கள். மூளை அலைக்கு நாங்கள் வைக்கும் எல்லை 0.3 முதல் 35 ஹெர்ட்ஸ். ஜூலை, ஆகஸ்டில் டெல்லியின் புழுக்கத்தில் தலை வியர்த்தால் ஒவ்வொரு கோடும் கடல் மாதிரி மெதுவாக மேலும் கீழும் ஆடும். கீழ் எல்லையை 0.3-லிருந்து 1-க்கு ஏற்றினால் ஆட்டம் நின்றுவிடும், திரை பார்க்க அழகாகிவிடும். ஆழ்ந்த தூக்கத்தின் அலை 0.5 முதல் 2 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது. வியர்வையோடு சேர்ந்து அதுவும் சுருங்கிவிடும். அந்த அலையை எண்ணுவதற்குக் குறைந்தது 75 மைக்ரோவோல்ட் உயரம் வேண்டும் என்பது விதி. ஃபில்டர் அதை 60-க்கு இறக்கிவிட்டால் எண்ணிக்கையில் வராது. நன்றாகத் தூங்கிய மனிதருக்கு "ஆழ்ந்த தூக்கம் குறைவு" என்று ரிப்போர்ட் போய்விடும். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஏசியைக் கூட்டுங்கள், நெற்றியைத் துடையுங்கள், எலக்ட்ரோடை மாற்றி ஒட்டுங்கள். ஃபில்டரைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

குளிர்காலத்தில் பிரச்சினை வேறு மாதிரி. ஹீட்டர் போட்ட அறையில் காற்று வறண்டுவிடும். நைலான் போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் சடசடவென்று பொறி பறக்கும். பேஸ்ட்டும் காய்ந்து, தலையணையில் புரளும்போது எலக்ட்ரோடு துள்ளி, ஊசிபோலக் கோடு எழும்பும். பருத்தி உடை நல்லது. மின் கம்பளி வேண்டவே வேண்டாம்.

கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டும் எலக்ட்ரோடுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. கண்ணே ஒரு சின்ன பேட்டரி: முன்பக்கக் கார்னியா என்னும் விழிவெண்படலம் பாசிட்டிவ், பின்பக்க விழித்திரை நெகட்டிவ். இடது கண்ணின் வெளிமுனைக்குச் சற்றுக் கீழே ஒன்று, வலது கண்ணின் வெளிமுனைக்குச் சற்று மேலே ஒன்று. இரண்டையும் ஒரே காதுப் பக்கத்தோடு ஒப்பிடுகிறோம். கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றை நெருங்கி மற்றதை விலகும். அதனால் இரண்டு கோடுகளும் எதிரெதிராக ஓடும். மூளையின் பெரிய அலை அங்கே கசிந்து வந்தால் இரண்டும் ஒரே பக்கம் ஓடும். இந்த ஒரு ஏற்பாட்டால் எது கண், எது மூளை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

விளக்கை அணைக்கும் முன் ஸ்பீக்கரில் கூப்பிடுவோம்: கண்ணைத் திறந்திருங்கள், இப்போது மூடுங்கள், இடம் வலம் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், பாதத்தை ஆட்டுங்கள். கண்ணை மூடியதும் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 தடவை ஓடும் ஆல்ஃபா எழும்பும், திறந்தால் அடங்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது ஆல்ஃபா கரைந்து, மெதுவான 4 முதல் 7 ஹெர்ட்ஸ் அலை வரும். அப்புறம் அரை நொடி, ஒரு நொடி நீளத்துக்கு ஸ்பிண்டில் என்னும் சின்னக் கொத்து, ஏறக்குறைய 11 முதல் 16 ஹெர்ட்ஸில். ஆழ்ந்து போகப் போக டெல்டா என்னும் பெரிய, மெதுவான அலை. விழித்திருக்கும்போது நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேலையாக இருப்பதால் கூட்டுத்தொகை சிறியது. ஆழ்ந்த தூக்கத்தில் ஒன்றாக அடங்கி ஒன்றாக எழுவதால் அலை பெரியது. பிறகு கனவு அதிகம் வரும் ரெம் தூக்கம்: மூளை அலை விழிப்பில் இருப்பதுபோலத் தெரியும், கண் துடிக்கும், தாடைத் தசையின் கோடு மட்டும் அப்படியே படுத்துவிடும். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள்.

இதையெல்லாம் 30 நொடி 30 நொடியாகப் பார்த்துப் பெயர் கொடுக்கிறோம். எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் 960 பக்கம். முன்பு நிஜமாகவே காகிதம்தான், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஓடும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. அன்று காலை ஷாம்பு போட்டுத் தலை குளியுங்கள். எண்ணெய், கண்டிஷனர் வேண்டாம். தேங்காய் எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பேஸ்ட்டும் பிடிக்காது. பூ வைத்துக்கொண்டு வராதீர்கள். நெற்றியில் ஒரு எலக்ட்ரோடு வருவதால் திருநீறு, குங்குமத்தை அந்த இடத்தில் மட்டும் துடைக்க வேண்டியிருக்கும், மனம் வருத்தப்பட வேண்டாம். விரலில் ஆக்சிஜன் அளவு எடுப்பதால் நெயில் பாலிஷை எடுத்துவிட்டு வாருங்கள். போன் சார்ஜரைத் தலைமாட்டில் செருகாதீர்கள். இரவில் பாத்ரூம் போக வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், ஒரே ஒரு பிளக்கைக் கழற்றினால் போதும். நீங்களாக ஒயரை இழுக்காதீர்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு, ஆழ்ந்த தூக்கம் குறைவு என்று இருந்தால் உடனே கலங்காதீர்கள். வயது ஏற ஏற அந்த அலையின் உயரம் எல்லோருக்கும் இறங்கும். புது இடத்தில் ஒயரோடு படுத்த முதல் இரவு என்பதும் ஒரு காரணம். பதிவு சுத்தமாக வந்திருக்கிறதா, எந்த எலக்ட்ரோடாவது நடுராத்திரியில் கழன்றதா, ஃபில்டர் மாற்றப்பட்டதா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். டெக்னீஷியன் இரவு முழுக்கக் குறிப்பு எழுதி வைத்திருப்பார், அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நன்றி, வணக்கம்.