ஒரு தட்டுத் தட்டினால் ஓடும்

வணக்கம் நேயர்களே. பழைய பிரிட்டிஷ் சின்னக் கார்கள் மீது இன்னும் ஏன் இத்தனை பேருக்கு ஆசை என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மினியை மறந்துவிடாதீர்கள் என்று தயாரிப்பாளர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். மறக்கவில்லை. ஆனால் என் வீட்டு வாசலில் நிற்பது மொறிஸ் மைனர், 1960ஆம் ஆண்டுக் கார். அதை விட்டுவிட்டு வேறொன்றில் தொடங்க எனக்கு வராது.

வானொலியில் காரைக் காட்ட முடியாது, சத்தத்தைச் சொல்லலாம். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஓடாது. முதலில் பொனெற்றுக்குள் இருந்து டிக், டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். பல்லி அவசரமாகச் சொல்வதுபோல இருக்கும். அதுதான் பெற்றோல் பம்ப். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் நிரம்பியதும் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகு டாஷ்போர்டில் உள்ள ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால்தான் எஞ்சின் சுற்றும். இந்த டிக் டிக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதற்கு வருவேன்.

காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்த காலத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடி, வழியில் தகப்பனைப் பறிகொடுத்து, தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வந்த இடத்தில் பொறியியல் படித்தார். கணக்குப் பரீட்சையில் மூன்று தரம் கோட்டை விட்டார். பிள்ளைகளின் கணக்குப் புள்ளியைப் பார்த்துத் தலையில் கைவைக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி எனக்கு மிகப் பிடித்த கதை. வீட்டில் எல்லோரும் கேட்டுச் சலித்த கதை என்பதால் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். 1947. ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் கௌலி தொழிற்சாலை. மைனர் ஏறக்குறைய தயார். தகடு அடிக்கும் அச்சுகள் வந்துவிட்டன, முன் பம்பர்கள்கூடச் செய்து அடுக்கியாகிவிட்டது. ஆனால் இசிகோனிஸுக்கு மனம் ஆறவில்லை. கார் ஒடுங்கிப்போய், குச்சிபோல நிற்கிறதென்று பட்டது. என்ன செய்தார்? மாதிரிக் காரை மூக்கிலிருந்து வால்வரை நடுவாக அறுக்கச் சொன்னார். நுங்கைப் பிளப்பதுபோல இரண்டு பாதி. ஆட்களை விட்டு இரண்டு பாதிகளையும் மெல்ல விலக்கச் சொல்லி, தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும், இன்னும், ஆ, போதும். அளந்து பார்த்தால் நான்கு அங்குலம். 57 அங்குல அகலம் 61 ஆயிற்று.

சரி, கார் அகன்றுவிட்டது, அடுக்கி வைத்த பம்பர்களை என்ன செய்வது? எறிய மனம் வருமா? அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் நான்கு அங்குலத் துண்டொன்றைப் பொருத்தினார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டு பளிச்சென்று தெரியும். பொனெற்றின் நடுவே நீளமாக ஓடும் தட்டைப் பட்டியும் அந்த நான்கு அங்குலம்தான். அது எல்லா மைனரிலும் உண்டு. எங்கேயாவது ஒரு மைனரைக் கண்டால் அந்தப் பட்டியில் கையை வைத்துப் பாருங்கள், சரியாக உள்ளங்கை அகலம் இருக்கும்.

மொறிஸ் நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவேயில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்றார். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அந்த முட்டை வெளியே வந்தது. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் கட்டப்பட்டது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். கொண்டாட்டத்துக்காக 350 கார்களுக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்து விற்றார்கள். அந்த நிறத்தைப் பற்றி என் மனைவி சொன்னதை வானொலியில் சொல்ல முடியாது.

ஆனால் ஆசைக்குக் காரணம் முகம் மட்டுமில்லை. பொனெற்றைத் திறந்தால் உள்ளே இடம், இடம், இடம். முதலில் அதற்குள் அகலமான வேறோர் எஞ்சின் வைக்கத்தான் திட்டம் இருந்தது. அது கைவிடப்பட்டு, கடைசியில் வந்தது பழைய 918 சிசி சின்ன எஞ்சின். பின்னால் வந்தவையும் சின்னவையே, என் காரில் உள்ளது 948 சிசி. அதனால் இரண்டு பக்கமும் கை போகும், தலையும் போகும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணால் தொடரலாம். இப்போதைய கார்களைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடியொன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மூட வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததென்று வயதானவர்களுக்குத் தெரியும். 1960களில் இலங்கையில் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. இருந்த மைனரும் ஒஸ்ரின் ஏ40யும்தான் தலைமுறை தாண்டி ஓட வேண்டியிருந்தது, ஓடின. பிறகு 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. எங்கள் மாமாவின் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. கார்புரேட்டரின் வாயில் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்புவது, எழும்பியதும் மண்ணெண்ணெயில் விடுவது. அழுத்தம் குறைந்த எஞ்சின் என்பதால் முனகிக்கொண்டே ஏற்றுக்கொள்ளும். பின்னால் வெள்ளைப் புகை. உள்ளே இருப்பவர்களுக்குக் குப்பி விளக்கின் மணம், போகிற வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்கும் அளவுக்கு.

ஒரு நாள் இரவு பக்கத்து வீட்டு அக்காவைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். நான் சிறுவன், லாந்தர் பிடிக்கக் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. அக்கா குழறுகிறா. மாமா ஒன்றும் பேசாமல் திறப்பைத் திருப்பிக் காதைக் கொடுத்தார். டிக் டிக் இல்லை. "தம்பி, இது ஒண்டுமில்லை, பம்ப் நித்திரை. இறங்கிச் செருப்பைக் கழட்டி ஒரு தட்டுத் தட்டு" என்றார். தட்டினேன். டிக், டிக், டிக். உள்ளே இரண்டு சின்னத் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும், தட்டினால் விடும், அவ்வளவுதான் விஷயம் என்று பிறகு விளங்கியது. அன்றைக்கு அது எனக்கு மந்திரம். பிறந்த பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. கனடாவில் மின்சாரக் கார் ஓட்டுகிறார்.

இந்த நாட்டுக்கு வந்து வெகுகாலம் கழித்து என் மைனரை வாங்கி, வீட்டுக்கு ஓட்டிவந்த முதல் நாள். ஹவுன்ஸ்லோவில் ஒரு சுற்றுவட்டத்தில் நின்றுவிட்டது. பின்னால் ஹோர்ன் சத்தம். நடைபாதையில் போன வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் நின்று, கண்ணாடியில் தட்டி, "பம்பைத் தட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அவருடைய அம்மா ஊர் ஊராகப் போகும் மருத்துவத் தாதி, மைனரில்தான் போய்வந்தாராம். நான் சப்பாத்தைக் கழற்றினேன். இன்றைக்கும் பெற்றோல் நிலையத்துக்குப் போனால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் யாராவது பிடித்துக்கொள்வார்கள். தாத்தா வைத்திருந்தார், இதில்தான் ஓட்டப் பழகினேன், எங்கள் தபால்காரரிடம் சிவப்பில் ஒன்று இருந்தது. இரண்டு லட்சம் பவுண் கார்க்காரரிடம் யாரும் இப்படி வந்து நிற்பதில்லை. பாவம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது வயது தாண்டிய காருக்கு இங்கே வீதி வரி இல்லை. லண்டனுக்குள் மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண், அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் 2012ஆம் ஆண்டு டீசல் வானை அந்தக் கட்டணத்துக்குப் பயந்து விற்றார். விற்ற அன்றைக்கு என் 1960ஆம் ஆண்டுக் காரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். சரி, மினி. 1959 ஆகஸ்ட், அதுவும் இசிகோனிஸ் செய்ததுதான். 1956 சூயஸ் நெருக்கடியில் பெற்றோல் பங்கீடு வந்ததால் பிறந்தது. பத்தடி நீளம். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதற்குக் கீழே செருகி, மிச்ச இடத்தை மனிதருக்குக் கொடுத்தார். இன்று வீதியில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் குறுக்கேதான் இருக்கிறது. மொன்டே கார்லோ பந்தயத்தில் 1964, 65, 67இல் வென்றது. 66இலும் முதலில்தான் வந்தது, முன்விளக்கு விதியைச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய வயிற்றெரிச்சல். காரில் வானொலி கேட்பது இசிகோனிஸுக்குப் பிடிக்காது, முதல் மினியில் வானொலிக்கு இடம் விடவில்லை. சாம்பல் கிண்ணத்துக்கு விட்டார். இதை இந்த நிலையத்தில் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன்.

ஒரு நிமிடம்கூட இல்லையாம். மைனர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பெயின்ட் மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் உள்ளே மடிந்து கார் முழங்காலில் விழும். அதைப் பார்க்க அடியில் படுக்க வேண்டும். வீட்டிலிருந்து பாய் ஒன்று கொண்டுபோங்கள், விற்கிறவர் விரித்துத் தரமாட்டார். வணக்கம்.