பௌர்ணமி இரவும் வீட்டு நாயும் பூனையும்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கால்நடை மருத்துவனாக இந்த மலை மாவட்டத்தில் பணியாற்றிய காலத்தில், நாய் பூனை வளர்ப்போர் என்னிடம் ஓயாமல் கேட்ட ஒரு கேள்வியை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பௌர்ணமியன்று நாய் விடிய விடிய ஊளையிடுவதும், பூனை வீடு தங்காமல் அலைவதும், வலிப்பு நோயுள்ள நாய்க்கு அன்றைக்குப் பார்த்து வலிப்பு வருவதும் நிலவின் வேலைதானா என்பது அந்தக் கேள்வி. நாய் ஊளையிட்டால் யமன் தெருவில் நடக்கிறான் என்று சொல்லிவந்த நம் ஊரில், யமனை விட்டு நிலாவுக்கு வந்திருப்பதே ஒரு வகையில் முன்னேற்றம்தான்.

நிலவு ஓர் உயிரினத்தின் மீது ஏதேனும் செய்ய வேண்டுமானால் ஈர்ப்பினால் செய்ய வேண்டும், அல்லது ஒளியினால் செய்ய வேண்டும். கடலையே பொங்க வைக்கும் நிலவு, உடம்பில் பெரும்பகுதி நீராக உள்ள நாயை மட்டும் விட்டுவைக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. கடல் பொங்குவதற்குக் காரணம், பூமியின் இந்தப் பக்கத்தை நிலவு இழுக்கும் விசைக்கும் அந்தப் பக்கத்தை இழுக்கும் விசைக்கும் உள்ள வேறுபாடு. பல்லாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் புலப்படும் அந்த வேறுபாடு, மூன்றடி நீளமுள்ள நாயின் மூக்குக்கும் வாலுக்கும் இடையே இல்லை என்றே கொள்ளலாம். அத்துடன், கடலில் ஏற்றவற்றம் மிகுவது பௌர்ணமியில் மட்டும் அன்று, அமாவாசையிலும்தான். அமாவாசை என்பதால் நாய் நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்று யாரும் என்னிடம் முறையிட்டதில்லை. ஆகவே ஈர்ப்பை இத்துடன் விட்டுவிடலாம்.

ஒளியை அப்படித் தள்ளிவிட முடியாது. முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான் என்றாலும், அரைநிலவோடு ஒப்பிட்டால் அது இரு மடங்கு அன்று, ஏறத்தாழ பத்து மடங்கு. அதாவது இரவின் வெளிச்சம் மாதம் முழுவதும் சீராக ஏறி இறங்குவதில்லை. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் சட்டென்று உயர்ந்துவிடுகிறது. நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால், உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி மறுமுறை பயன்படுத்தச் செய்யும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் வண்டி விளக்கு பட்டதும் அவற்றின் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது அதனால்தான். மனிதனுக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பூனைக்குப் போதும். எனவே நமக்கு மங்கலாகத் தெரியும் தேயிலைச் சரிவு, நிலா வெளிச்சத்தில் அவற்றுக்கு நன்றாகவே தெரிகிறது. சரிவில் மேயும் காட்டுமாடும், தோட்டத்து வேலியைத் துளைக்கும் காட்டுப்பன்றியும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான அடுத்த லயனிலிருந்து வரும் ஆண் நாயும் கண்ணில் படும்போது நாய் குரைக்கிறது. ஒரு நாய் தொடங்கினால் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் வரை மற்றவை தொடரும்.

இதை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் பதினோரு ஆண்டுகளில் அவசர சிகிச்சைக்கு வந்த 11,940 நாய்கள், பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2007-இல் ஒரு கட்டுரை வெளியானது. முழுநிலவை ஒட்டிய நாட்களில் அவசரமாகக் கொண்டுவரப்படும் வாய்ப்பு பூனைகளுக்கு 23 விழுக்காடும் நாய்களுக்கு 28 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. வழக்கமாகப் பத்து வரும் இடத்தில் பன்னிரண்டோ பதின்மூன்றோ வந்தன என்பதே இதன் பொருள். வெளிச்சமான இரவில் மனிதர்களும் வெகுநேரம் வெளியே இருக்கிறார்கள், தம் நாயையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள், அடிபட்டால் உடனே கவனிக்கிறார்கள். கூடுதலாக வந்தவற்றில் நிலவின் பங்கு எவ்வளவு, மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. விலங்குக்கடி பற்றிய ஆய்வுகள் இன்னும் சுவையானவை. 2000 டிசம்பரில், பிரிட்டிஷ் மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர மருத்துவமனைக்கு விலங்குக்கடியுடன் வந்த 1,621 பேரை ஆராய்ந்த கட்டுரை, பௌர்ணமியை ஒட்டிக் கடி மிகுகிறது என்றது. ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நாய்க்கடிக்காகச் சேர்க்கப்பட்டோரை ஆராய்ந்த கட்டுரை, அப்படி எதுவும் இல்லை என்றது. என்னைக் கேட்டால், இந்த இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவரோடு வாதிடுவது வீண்.

அந்த நாடுகளின் கணக்கை விட்டு நம் மலைக்கு வருவோம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கூடலூரிலும் தேவாலாவிலும் பௌர்ணமி வந்துபோனதே தெரியாது. மேகமும் மூடுபனியும் வானத்தை மறைத்துவிடும். அந்த இரவுகளிலும் நாய்கள் ஊளையிடுகின்றன. அன்று பௌர்ணமி என்று யாருக்கும் தோன்றாததால், அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. நிலா கண்ணுக்குத் தெரிந்த இரவுகளை மட்டுமே நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

நிலா நன்றாகத் தெரிவது மார்கழி, தை மாதங்களில். அப்போது முழுநிலவு வானத்தின் உச்சிக்கு அருகே ஏறி, நீண்ட நேரம் நிற்கும். வானமும் மேகமின்றித் தெளிந்திருக்கும். தரையின் வெப்பம் வெளியேறாமல் கம்பளிபோல் காத்துவந்த மேகம் இல்லாததால், அந்த இரவில் மண் விரைவாகக் குளிர்ந்து, தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழுகிறது. நிலா குளிரைக் கொண்டுவரவில்லை. நிலாவைக் காட்டிய அதே தெளிந்த வானம்தான் குளிரையும் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட இரவில் மூட்டுவலியுள்ள கிழட்டு நாய் சிமென்ட் தரையில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடக்கும், முனகும், முடி குறைவான நாய்கள் நடுங்கும், குட்டிகள் கத்தும். இவற்றை நிலவின் மயக்கம் என்று எண்ணி விட்டுவிடுவோரைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வந்ததுண்டு. தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகை, அதன்மேல் காய்ந்த சாக்கு, காற்றுப் புகாத மறைப்பு, இவ்வளவு செய்தால் அந்த நாய்களில் பெரும்பாலானவை அமைதியாக உறங்கும்.

இனி, பௌர்ணமியைவிட நான் அஞ்சுவது அதற்கு அடுத்த நாட்களைத்தான். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக எழுகிறது. கிழக்கே மலைமுகடு மறைக்கும் ஊர்களில் இன்னும் தாமதமாகத் தெரியும். ஆகவே பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் முன்னிரவு நல்ல இருட்டாக இருக்கும். முந்தைய வாரத்தின் வெளிச்சத்துக்குப் பழகிய நாமோ, நாயை வாசலிலேயே விட்டுவைத்திருப்போம். தான்சானியாவில் 1988 முதல் 2009 வரை சிங்கங்கள் மனிதரைத் தாக்கிய நிகழ்வுகளை ஆராய்ந்தவர்கள், முழுநிலவுக்கு அடுத்து வரும் நாட்களின் முன்னிரவு இருட்டில்தான் தாக்குதல்கள் மிகுந்திருந்தன என்று கண்டார்கள். சிங்கத்தின் வழக்கத்தைச் சிறுத்தையின் மீது அப்படியே ஏற்றிச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் இருட்டு, மறைந்திருந்து பாயும் எந்த விலங்குக்கும் உதவும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடியிருப்புக்குள் வரும் சிறுத்தை நாயைத் தேடித்தான் பெரும்பாலும் வருகிறது. வாசலில் சங்கிலியால் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை. தேய்பிறையின் தொடக்க நாட்களில் பொழுது சாயுமுன் நாயை உள்ளே கொண்டுவந்துவிடுவது நல்லது. பூனைக்கும் இது பொருந்தும்.

பண்டிகைகளைப் பற்றியும் ஒரு சொல். நாய்கள் ஆண்டிலேயே அதிகம் அஞ்சி, நடுங்கி, வீட்டை விட்டே ஓடிப்போகும் இரவு தீபாவளி இரவு. அது அமாவாசையை ஒட்டி வருகிறது. கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அன்று பூனையின் மீசையும் வாலும் பொசுங்குவதற்கு அகல்விளக்குப் போதும்.

வெறிநோய்க்கும் நிலவுக்கும் தொடர்பு இல்லை. பௌர்ணமியில் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று சொல்வது வெறும் பேச்சு. அந்நோய் கிருமியுள்ள விலங்கின் உமிழ்நீரால்தான் வருகிறது. வெறிநோய்த் தடுப்புக்கென 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டியர் நிலையத்தைக் குன்னூரிலேயே வைத்துக்கொண்டு நாம் இப்படிப் பேசலாகாது. எந்தத் திதியில் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலிப்புள்ள நாயை வளர்ப்போர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, அன்று மாத்திரை கொடுத்தீர்களா, முந்தைய இரவு அது உறங்கியதா, பட்டாசுச் சத்தம் இருந்ததா என்று எழுதுங்கள். பௌர்ணமி என்றால் அதையும் எழுதுங்கள், தடையில்லை; சில மாதக் குறிப்பைப் பார்த்தால், விட்டுப்போன மாத்திரையா, சத்தமா, வேறு நோயா என்று மருத்துவருக்கு ஒரு தடம் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டாலோ, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ குறிப்பேட்டைத் தேட வேண்டாம். நாயை வண்டியில் ஏற்றுங்கள். வயது முதிர்ந்த நாய் பகலில் உறங்கி இரவில் சுவரைப் பார்த்து நிற்பது, மூளை முதிர்ந்து தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

ஆண் பூனையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பெண் பூனை இரவில் கத்தினால் அது பருவத்துக்கு வந்திருக்கலாம். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் அது ஓயும். ஆனால் ஆண் பூனை ஓரிடத்தில் குந்திக் குந்தி முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, வேதனையோடு கத்துகிறது என்றால், சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும் நிலை அது. வெளியே நிலா எப்படிக் காய்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல், அப்போதே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.