எத்தனை கோடி என்பதற்கு முன், எப்படி அளந்தார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

பேத்தை மீனின் மரபணுத்தொகுதியில், அதாவது அதன் முழு டி.என்.ஏ. தொகுப்பில், ஏறக்குறைய 40 கோடி கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்). தென்னமெரிக்க நுரையீரல் மீனுக்கு 9,100 கோடி. இரண்டும் மீன்தான். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்களும் இரண்டிலும் இருபதாயிரத்தை ஒட்டியவைதான். ஆனாலும் 200 மடங்குக்கு மேல் வித்தியாசம். 'ஏன்' என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள், அதற்குமுன் இந்த எண்கள் பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் இரண்டு எண்கள் ஒரே முறையில் அளந்தவைதானா என்று அட்டவணை சொல்லாது.

ஒரு தொகுப்பு குரோமோசோம்களில், அதாவது விந்து அல்லது முட்டையின் உட்கருவில், உள்ள டி.என்.ஏ.வின் எடையைத்தான் 'சி-மதிப்பு' என்கிறோம். அலகு பிக்கோகிராம், ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 1 பிக்கோகிராம் என்றால் 97.8 கோடி கார இணைகள். உடலணுவில் இரண்டு தொகுப்புகள் இருப்பதால் அங்கே கிடைப்பது இரட்டிப்பு எடை. ஒருவர் இரட்டை மதிப்பை எழுதி, அடுத்தவர் அதை ஒற்றை என்று எடுத்துக்கொண்டால், அந்த விலங்கின் மரபணுத்தொகுதி தாளிலேயே இரு மடங்காகிவிடும். பார்க்கச் சின்னப் பிழை, நிறையவே நடக்கிற பிழை.

இன்று அதிகம் பயன்படும் முறை ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஒரு பூச்சியை அளப்பதாக வைத்துக்கொள்வோம். தலையை மட்டும் எடுத்து, 1 மில்லிலிட்டர் குளிர்ந்த கரைசலில் மெதுவாக அரைத்து, 40 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்ட வேண்டும். அளவு தெரிந்த இன்னொரு விலங்கின், உதாரணமாகக் கோழியின், உட்கருக்களையும் அதே குழாயில் சேர்க்க வேண்டும். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி, பிறகு மில்லிலிட்டருக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் புரோப்பிடியம் அயோடைடு சாயம். இருட்டில், குளிரில் அரை மணி நேரம் வைத்துவிட்டு லேசர் முன் ஓடவிட்டால், ஒவ்வோர் உட்கருவும் எவ்வளவு ஒளிர்கிறது என்று கருவி எண்ணிச் சொல்லும். கருவி வரையும் ஒளிர்வு வரைபடத்தில் கோழியின் சிகரம் 50-ஆம் இடத்திலும் நம் மாதிரியின் சிகரம் 170-ஆம் இடத்திலும் விழுந்தால், 170-ஐ 50-ஆல் வகுத்து, கோழியின் சி-மதிப்பான 1.25-ஆல் பெருக்குங்கள்: 4.25 பிக்கோகிராம்.

தலையை மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பி அணுக்களில் டி.என்.ஏ. பல நூறு மடங்கு பெருகிக் கிடக்கும். மூளை அணுக்களில் அந்தத் தொல்லை குறைவு. நொதியை மறந்தால் சாயம் ஆர்.என்.ஏ.விலும் ஒட்டும், எண் வீங்கும். டாப்பி என்ற சாயத்தை எடுத்தால் அது அடினைன்-தைமின் இணைகளையே நாடுவதால், கார விகிதம் வேறுபடும் இரண்டு விலங்குகளை ஒப்பிடவே லாயக்கில்லை. இரண்டு உட்கருக்கள் ஒட்டிக்கொண்டு போனால், கருவி அவற்றை ஒரே பெரிய உட்கருவாக எண்ணும். ஒப்பீட்டு விலங்கைத் தனிக் குழாயில் வைப்பதும் தவறுதான். திசுவிலிருந்து கசியும் பொருள்கள் சாயம் ஒட்டுவதைத் தடுக்கும்போது, அந்தத் தடை இரண்டு மாதிரிகளுக்கும் பொதுவாக இருந்தால்தான் விகிதம் நிற்கும்.

ஒப்பீட்டுக்குக் கோழி ஏன் வழக்கமானது? பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. ஒரு சொட்டு ரத்தமே போதும். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லாததால் வெள்ளையணுக்களைத் தேடிப் போக வேண்டும்.

இந்த 1.25-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மனிதனுக்கு நெடுங்காலம் 3.5 பிக்கோகிராம் என்றே எழுதிவந்தார்கள். 2022-இல் இடைவெளியில்லாமல் வாசித்து முடித்த மனித வரிசை 305.5 கோடி கார இணைகள். எடையில் சுமார் 3.12 பிக்கோகிராம். 3.5-ஐ அளவுகோலாக வைத்து அளந்த ஒவ்வொரு விலங்கும் ஏறத்தாழ 12 சதவீதம் ஊதியிருக்கும். அளவுகோலின் பிழை அளந்த எல்லாவற்றிலும் அப்படியே ஏறிக்கொள்ளும். அதனால் எண்ணோடு அளவுகோலின் பெயரும் மதிப்பும் இல்லாத அட்டவணையை ஓரம் வைத்துவிடலாம்.

வரிசை வாசித்தே அளவைச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் ஒரே வரி ஆயிரம் முறை திரும்ப வரும் இடங்களைக் கணினி ஒன்றாக மடித்துவிடும். குறுந்துண்டுகளைக் கொண்டு கோத்த தொகுப்புகள் எடை காட்டும் அளவைவிடப் பெரும்பாலும் சிறியவையாக வருவது அதனால்தான்.

இனி அந்த 'ஏன்'. வித்தியாசத்தின் பெரும்பகுதி மரபணுக்களில் இல்லை. தன்னைத்தானே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் தாவும் கூறுகளில் இருக்கிறது. மனிதனில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. 'ஆலு' என்ற ஒரே தாவும் கூறு மட்டும் 10 லட்சம் நகல்களுக்கு மேல். நுரையீரல் மீனில் இந்த நகலெடுப்பை அடக்கும் காவல் தளர்ந்துபோனதாக 2024-இல் வந்த ஆய்வு காட்டியது. அதன் 19 குரோமோசோம்களில் 18, தனித்தனியாகவே முழு மனித மரபணுத்தொகுதியைவிடப் பெரியவை. பேத்தை மீனில் நேர்மாறு: மரபணுக்களுக்கு உள்ளேயும் இடையேயும் இருந்த இடமெல்லாம் சுருங்கிவிட்டது.

'உயர்ந்த உயிருக்குப் பெரிய தொகுதி' என்ற நினைப்புக்கு இங்கே இடமில்லை. வெட்டுக்கிளிக்கு 600 கோடிக்கு மேல், இறால் போன்ற அன்டார்க்டிக் கிரில்லுக்கு 4,800 கோடி. அன்டார்க்டிக்காவின் இறக்கையற்ற ஈயான பெல்ஜிகாவுக்கோ 10 கோடிகூட இல்லை.

மரபணுத்தொகுதியின் அளவு உறுதியாகத் தொடர்புகொள்வது உயிரணுவின் பருமனோடு. டி.என்.ஏ. கூடினால் உட்கரு பெருக்கும், உட்கரு பெருத்தால் அணுவும் பெருக்கும். பெரிய அணுவுக்குக் கன அளவை ஒப்பிடப் பரப்பு குறைவு. ஆக்சிஜன் பரிமாற்றம் மெதுவாகும். பறக்கும் வேலைக்கு அது கட்டுப்படியாகாது. பறவைகளில் ரீங்காரச் சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட்) மிகச் சிறிய தொகுதி உடையவை, பறக்காத நெருப்புக்கோழி பெரிய தொகுதி உடையது; வௌவால்களும் பாலூட்டிகளில் சிறிய பக்கமே. வாலுள்ள நீர்நில வாழ்விகளான சாலமாண்டர்கள் மறுமுனை. மனிதச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான் என்றால், ஆம்ஃபியூமா என்ற சாலமாண்டரின் சிவப்பணு சுமார் 70 மைக்ரான் நீளம். அவ்வளவு பெரிய அணு நுண்குழாய்களில் நெளிந்து போக வேண்டும். உடல் மெல்லிய பாட்ராகோசெப்ஸ் என்ற சாலமாண்டர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: அதன் சிவப்பணுக்களில் பெரும்பாலானவை உட்கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன. கோழிக்குச் செய்ததுபோல் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதை அளக்கப் போனால், பெரும்பாலான சிவப்பணுக்களில் சாயம் ஒட்டுவதற்கு உட்கருவே இருக்காது.