திரை உறைந்தால் முதலில் லாகைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. கெடன்லைவில் வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன், பட்டென்று மூடிக்கொண்டது. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரைத் திறந்தேன், திரை அப்படியே நின்றுவிட்டது. சொன்ன கையோடு அடுத்த கேள்வியும் வரும்: "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா இன்ஸ்டால் பண்ணிடலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். புதிதாக இன்ஸ்டால் செய்தாலும் பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான அதே கர்னல், கார்டை இயக்கும் அதே டிரைவர்தான் வந்து உட்காரும். படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் அதேதான். ஏன் விழுந்தது என்று கணினி எழுதி வைத்திருந்த லாக் மட்டும் அழிந்துபோயிருக்கும்.

ஒரு படம் திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. நீங்கள் திறந்த மென்பொருள், இதை வரை என்று ஒரு நூலகத்திடம், அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பிடம், கேட்கிறது. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் அந்த நூலகம் மீசா. பிரையன் பால் 1993இல் தொடங்கிய வேலை. மீசா அதைக் கர்னலில் இருக்கும் டிரைவரிடம் தருகிறது, டிரைவர் கார்டிடம் தருகிறது. வரைந்து முடித்த ஜன்னல்களை ஒழுங்காக அடுக்கித் திரைக்கு அனுப்ப, பழைய எக்ஸ் சர்வரோ புதிய வேலண்டோ நடுவில் இருக்கும். இதில் யார் கையிலிருந்து நழுவியது? அதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

விழுந்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு மென்பொருள் மட்டும் மறைந்து மற்றதெல்லாம் ஓடினால், சந்தேகம் அந்த மென்பொருள் மேலும் மீசா மேலும்தான். எல்லா ஜன்னலும் ஒரே நேரத்தில் போய் லாகின் திரை வந்து நின்றால், எக்ஸோ வேலண்டோ விழுந்திருக்கிறது. திரை உறைந்துவிட்டதா? பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தி, கீபோர்டில் அந்தச் சின்ன விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் கணினி உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, நின்றது படம் மட்டும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் உள்ள லாகின் ஒன்று வரும். அங்கே நுழைந்து முறையாக ரீபூட் செய்யலாம்.

ரீபூட் ஆனதும், கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு கட்டளை. எழுதிக்கொள்ளுங்கள், எல்லாம் சின்ன எழுத்து: ஜே, ஓ, யு, ஆர், என், ஏ, எல், சி, டைகரில் வரும் டி, எல். சேர்த்து எழுத வேண்டும். பிறகு இடைவெளி விட்டு ஹைஃபனும் பூட்டில் வரும் பி எழுத்தும், இடைவெளி விட்டு ஹைஃபனும் 1 என்ற எண்ணும், இடைவெளி விட்டு ஹைஃபனும் இ எழுத்தும். போன முறை கணினி ஓடியபோது எழுதிய லாகைக் காட்டு, கடைசி வரிகளிலிருந்து காட்டு என்று அர்த்தம். ஒரு மென்பொருள் மட்டும் விழுந்து நீங்கள் ரீபூட்டே செய்யவில்லை என்றால், நடுவில் உள்ள ஹைஃபனும் 1 என்ற எண்ணும் வேண்டாம்.

வரிகளைப் பார்த்து மிரளாதீர்கள். தேட வேண்டியது சில சொற்கள்தான். இன்டெல் என்றால் ஜிபியூ ஹேங் என்று இருக்கும். ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியூ என்ற பெயரோடு ரிங், டைம்அவுட் என்று வரும். கொடுத்த வேலையைக் கார்டு குறித்த நேரத்துக்குள் முடிக்கவில்லை என்பது அதன் பொருள். என்விடியா டிரைவர் எக்ஸ்ஐடி என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண்ணைப் போடும். அந்த எண் 79 என்றால், கார்டோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. அப்போது மென்பொருளை நோண்டுவதற்கு முன் விசிறியில் தூசி, சூடு, பவர் சப்ளை, கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செக்ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தை ஒரு மென்பொருள் தொட்டுவிட்டது என்ற வரி இருந்தால் அதிலேயே விழுந்த மென்பொருளின் பெயரும், பெரும்பாலும் எந்த நூலகத்துக்குள் விழுந்தது என்பதும் இருக்கும். இன்னொன்று, அவுட் ஆஃப் மெமரி. 4 ஜிபி ராம் உள்ள கணினியில் வீடியோ எடிட்டர் திடீரென மறைந்தால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். அங்கே கிராபிக்ஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை. நினைவகம் தீர்ந்துபோய்க் கர்னலே அந்த மென்பொருளை நிறுத்தியிருக்கிறது.

லாக் தெளிவாகச் சொல்லவில்லையா? கார்டை ஒதுக்கிவைத்து ஓட்டிப் பாருங்கள். லிப்ரே ஆபீஸில் உதவி மெனுவிலேயே சேஃப் மோட் இருக்கிறது, ஃபயர்பாக்ஸில் டிரபுள்ஷூட் மோட். இரண்டிலும் வன்பொருள் முடுக்கம், அதாவது கார்டின் உதவி, இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டும்போது விழாமல் இருந்தால் கோளாறு கிராபிக்ஸ் பக்கம். அப்போதும் விழுந்தால் டிரைவரை விட்டுவிட்டு அந்த மென்பொருளைக் கவனியுங்கள்.

என்விடியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் டிரைவரை மூடியே வைத்திருந்த காலத்தில், வெளியிலிருந்தவர்கள் கார்டு நடந்துகொள்வதைப் பார்த்துப் பார்த்தே நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதினார்கள். 2010இல் அது கர்னலுக்குள் வந்தது. எனக்கு அந்த உழைப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு. 2022இல்தான் என்விடியா தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. அந்த டிரைவர் பல கணினிகளில் ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் மறுபடி கம்பைல் ஆக, அதாவது அந்தக் கர்னலுக்கேற்ப உருவாக்கப்பட, வேண்டும். அது நடக்காமல் போனால் அப்டேட் செய்த மறுநாள் கறுப்புத் திரைதான். நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்காத செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்து, இன்ஸ்டாலுக்குப் பின் ரீபூட்டில் வந்த நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யாமல் தாண்டிவிட்டாலும் டிரைவர் ஏறாது. கணினி எழும்போது எஸ்கேப் விசையையோ ஷிஃப்டையோ அழுத்தி, எந்தக் கர்னலில் எழ வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். நேற்றுவரை ஓடிய கணினி பெரும்பாலும் அதில் எழுந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் அதே மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து, சின்ன எழுத்தில் தட்டி, எஃப் பத்தை அழுத்துங்கள். படம் மங்கலாகவோ பெரிதாகவோ வரலாம், பரவாயில்லை. அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் அது. உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்துவிட்டு வழக்கம்போல ரீபூட் செய்யுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கர்னலையும் டிரைவரையும் ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் எதைப் பார்த்துக்கொள்வது என்றும் தெரியாது.

எல்லாம் செய்தும் விழுந்துகொண்டே இருக்கிறதா? அப்புறம் அதை எழுதியவர்களிடம் சொல்ல வேண்டியதுதான். மீசாவுக்கும் இன்டெல், ஏஎம்டி டிரைவர்களுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேப் என்ற இணையதளத்தில் கோளாறுகளைத் தெரிவிக்கும் பக்கம் இருக்கிறது. எளிய ஆங்கிலம் போதும். கார்டின் பெயர், கர்னல் எண், மீசா எண், என்ன செய்தபோது விழுந்தது, பழைய கர்னலில் விழுந்ததா இல்லையா, இவ்வளவும் இருக்கட்டும். லாகை மொபைலில் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாகவே, கோப்பாக இணையுங்கள். அனுப்புமுன் ஒருமுறை படித்து, உங்கள் சொந்த விவரம் ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.